அத்தானுக்குத் தண்ணீர் கோத்த கதை

‘நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது’ என்று டாக்டர் சொன்னதும் என் அக்கா செய்த முதல் காரியம், திரும்பி என்னை முறைத்ததுதான்.

டாக்டரை அல்ல. வெளிச்சத்தில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயை அல்ல. பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த தன் கணவரையும் அல்ல. என்னை!

காரணம் குற்றாலம். இந்த வருஷம் சாரல் சீசனில் அத்தானை நான்தான் அங்கே அழைத்துப் போனேன். ஐந்தருவியில் குளித்தோம். குளித்தோம் என்று பன்மையில் சொல்வது தப்பு. நான் தலையை நனைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அத்தான் உள்ளே நின்றார்... நின்றார்... நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் நான் திரும்ப உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

“அந்த மனுசன்தான் தண்ணியக் கண்டா விடமாட்டாரு. ஒனக்கு எங்கன லே போச்சு புத்தி? அருவித் தண்ணி பூரா நெஞ்சுக்குள்ள எறங்கிக் கெடக்கு பாரு!” என்றாள் அக்கா, டாக்டர் முன்னாலேயே.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பாளையங்கோட்டையில் நெஞ்சு நோய்களுக்கென்றே தனியாக கிளினிக் வைத்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அருவியில குளிச்சா அங்க தண்ணி போகாதும்மா. இது உள்ளுக்குள்ளயே ஊறுறது” என்றார்.

அக்கா நம்பவில்லை. நாங்குநேரிக்குப் பக்கத்தில், மழையை எண்ணி எண்ணிப் பார்க்கிற ஊரில் வாழ்கிறவள். தண்ணீர் என்றால் எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்? அங்கே எதுவும் சும்மா ஊறுவதில்லை.

அத்தானைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். வாழ்நாள் முழுக்க நாகர்கோவில் ரூட். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. வள்ளியூரில் ஒரு கதையை ஆரம்பித்தால் திருநெல்வேலி ஜங்ஷனில்தான் முடிப்பார், அதுவும் பஸ் நின்றுவிட்டதே என்பதற்காக. வீட்டிலும் அப்படியே. அக்காவுக்கு நாற்பது வருஷமாக அந்தப் பேச்சுதான் பின்னணி இசை.

அந்த மனிதர் குற்றாலம் போய் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். கதைகள் சுருங்கின. பிறகு வாக்கியங்கள் சுருங்கின. நாலு வார்த்தை... ஒரு நிறுத்தம்... மறுபடி நாலு வார்த்தை. அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? மனுஷனுக்கு வயசாகி நிதானம் வந்துவிட்டது என்று நினைத்தாள். “இப்பந்தாம்லே வீடு வீடா இருக்கு” என்று போனில் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். வறட்டு இருமல். இழுத்து மூச்சு விட்டால் விலாவில் சுருக்கென்று ஒரு குத்து. இடது பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம். சட்டைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. இத்தனையும் இருந்தது. ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அக்கா வைத்துக்கொடுத்த சுக்குக் கருப்பட்டிக் காபியையும் குடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார். குற்றாலத்துக்கு வரும்போதே இருமல் இருந்ததாம்! அதைச் சொன்னால் நான் கூட்டிப்போக மாட்டேன் என்று மறைத்திருக்கிறார். இதை அவர் டாக்டரிடம் ஒப்புக்கொண்ட பிறகும் அக்கா என்னை முறைப்பதை நிறுத்தவில்லை.

கோயில் படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். எப்படி? அத்தானின் முதுகில் இடது கை விரலை வைத்து, வலது கை விரலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே டொக் டொக் என்று திறந்த சத்தம். கீழே வர வர மொத்தென்று அமுங்கிய சத்தம். கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாம் தட்டிப் பார்ப்போமே... கிட்டத்தட்ட அதேதான். எக்ஸ்ரேயில் இடது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது.

“தண்ணி நுரையீரலுக்குள்ள இல்ல. வெளியில” என்று விளக்கினார். நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய சவ்வு. விலா எலும்புக்கு உள்பக்கம் ஒரு சவ்வு. இரண்டுக்கும் நடுவே எல்லோருக்கும் கொஞ்சம் ஈரம் உண்டு. மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்கிப் போவதற்காக. அந்த ஈரம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடமிருக்காது. இருவர் உட்காரும் சீட்டில் நான்காவது ஆளும் வந்து நெருக்கினால் ஜன்னலோரத்துக்காரர் கதி என்ன? இதை நான் அத்தானிடம் சொன்னேன். கண்டக்டர் அல்லவா... உடனே தலையாட்டினார்.

சரி, ஏன் சேர்கிறது? இதயம் சரியாக பம்ப் செய்யாவிட்டால் சேரும். சிறுநீரகமோ கல்லீரலோ மக்கர் பண்ணினால் சேரும். நிமோனியாவில் சேரும். காசநோயில் சேரும். புற்றுநோயிலும் சேரும். தண்ணீரை எடுத்துவிடுவது பாதி வைத்தியம்தான். அனுப்பி வைத்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் மீதி வைத்தியம்.

டாக்டர் இத்தனையும் சொன்னார். அக்கா காதில் கடைசியாகச் சொன்ன ஒன்று மட்டும்தான் விழுந்தது. குற்றாலம், ஐந்தருவி, நான் எல்லோரும் அந்த நிமிஷமே விடுதலை ஆகிவிட்டோம். அவள் முகத்தைப் பார்த்தபோது, முறைத்துக்கொண்டே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் தண்ணீர் எடுத்தார்கள். அத்தானைக் கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேஜை போட்டு, அதில் தலையணை வைத்துக் குனிந்து சாய்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்கேன் வைத்துப் பார்த்து முதுகில் ஓர் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார்கள். மரத்துப்போக ஓர் ஊசி. அப்புறம் எடுக்கிற ஊசி. நான் கதவருகே நின்று பார்த்தேன். டியூப் வழியாக பாட்டிலில் இறங்கியது, காய்ந்த வைக்கோல் நிறத்தில். எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்கிவிடவில்லை. நசுங்கிக் கிடந்த நுரையீரல் பைய விரிய வேண்டும், அவசரப்பட்டால் அது தாங்காது என்றார் டாக்டர்.

வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“அவிய பேசலன்னதும் நான் சந்தோசப்பட்டேன்லே... வீடு வீடா இருக்குன்னு சொன்னேன்லா ஒங்கிட்ட? மூச்சு முட்டிப் போயி இருந்திருக்காவ. நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டு சீரியல் பாத்தேனே...”

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

எடுத்த தண்ணீரைப் பல டெஸ்ட்டுகளுக்கு அனுப்பினார்கள். சளியையும் அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘பெரும்பாலும் காசநோயாக இருக்கும். ஆனால் மற்றதையும் பார்த்துவிடணும்’ என்றார் டாக்டர். அந்த ‘மற்றது’ என்னவென்று எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அக்கா நாங்குநேரி பெருமாள் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுதல்? “பெருமாளே, காசநோயா இருக்கணும்.” நோய் வரக் கூடாது என்று வேண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நோய்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் என் அக்காதான்!

பெருமாள் கேட்டதைக் கொடுத்துவிட்டார். புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. காசநோய்தான், அதுவும் நுரையீரலின் மேல் சவ்வில். ஆறு மாதம் மாத்திரை. அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். “அழாதீங்கம்மா, இது குணமாகுற நோய்தான்” என்று டாக்டர் பதறினார். “அதுக்குத்தான் டாக்டர் அழுவுதேன்” என்றாள் அக்கா.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து செல்வியிடமிருந்து போன். அக்காவின் ஒரே மகள். நான் தாய்மாமன். அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இது அவளுக்குத் தலைப்பிரசவம்.

“மாமா... அப்பாவுக்கு என் மேல ஏதும் கோவமா?” என்றாள். குரல் உடைந்திருந்தது.

விஷயம் இதுதான். அத்தான் யாரிடமும் கலந்துகொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டிருக்கிறார். ‘பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வசதிப்படாது’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து சாப்பிடுகிறார் என்பதற்கு மேல் செல்விக்கு எதுவுமே சொல்லப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்தானே? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்காத வீடு உண்டா? வளைகாப்புப் போட்டு, ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு போய், மகளை முன்னால் விட்டுக் கூட்டிக்கொண்டு வருவதற்காகவே அப்பாக்கள் காத்திருப்பார்கள். அதை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அந்த உறவே வேண்டாம் என்றுதான் அர்த்தம். அம்பாசமுத்திரத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த பஸ்ஸில் நாங்குநேரிக்குக் கிளம்பினேன்.

அத்தான் வீட்டுக்குள் இல்லை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை உண்டு, பழைய சாமான்கள் போட்டு வைக்க. அதில் ஒரு பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு செம்பு. தனியாக. அவராகவே எடுத்து வைத்துக்கொண்டவை. சாப்பாட்டை மேல் படியில் வைத்துவிட்டு அக்கா கீழே இறங்கிய பிறகுதான் எடுப்பாராம். “நான் சண்டை போட்டுப் பாத்துட்டேம்லே, எறங்க மாட்டேங்காவ” என்றாள் அக்கா.

நான் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“என்ன அத்தான் இது? செல்வி அழுதா.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

“எங்கம்மைக்கும் இந்தச் சீக்குதான் மாப்ளே. மாட்டுத் தொழுவத்துல ஒரு மறைப்புக் கட்டி ஒதுக்கி வச்சிருந்தாவ. எனக்கு அஞ்சு வயசு இருக்கும். கிட்ட போவக் கூடாதும்பாவ. அவ ‘எய்யா, வாய்யா’ன்னு கூப்பிடுவா. நான் தூணைப் பிடிச்சிக்கிட்டு அங்கனயே நிப்பேன். அப்படியே போய்ச் சேந்துட்டா.”

துண்டால் கண்ணைத் துடைத்தார். வெள்ளைத் துண்டில் லேசாக ஓர் ஆரஞ்சுச் சாயல். அந்த மாத்திரையில் ஒன்று அப்படித்தான். சிறுநீர், கண்ணீர் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்துவிடும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் அந்த நிறத்தைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

“செல்வி பிள்ளையப் பெத்து இங்கன கொண்டாந்து போட்டா, நான் தூக்காம இருந்துருவேனா? என்னால முடியாது மாப்ளே. அதான் வரவே வேண்டாம்னுட்டேன். காசம்னு சொன்னா அங்க செல்வியக் குத்திக் காட்டுவாவ. அதான் சொல்லல.”

“தூக்கலாமா கூடாதான்னு டாக்டர்ட்ட கேட்டீங்களா?”

தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவில்லை. நாகர்கோவில் ரூட்டில் ஏறிய அத்தனை பேரிடமும் ஊர், பேர், பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டு, ‘தூக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டால்?

நம்மிடம் ஒரு விசித்திரம் உண்டு. சுகர் எவ்வளவு என்று கல்யாண வீட்டில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி உரக்கச் சொல்கிறோம். பிரஷர் மாத்திரையைப் பந்தியில் வைத்தே முழுங்குகிறோம். ஆறே மாதத்தில் குணமாகிற இந்த ஒரு நோயை மட்டும் மாடி அறையில் ஒளித்து வைக்கிறோம். ஏன்?

“இப்ப சம்பந்தி வீட்டுக்கு போன் போடுங்க. உள்ளதச் சொல்லுங்க” என்றேன்.

நம்பரை அழுத்தினார். அங்கே சம்பந்தி அய்யா அதிகம் பேச மாட்டார். முடிவெல்லாம் சம்பந்தியம்மாதான். அவர்தான் எடுத்தார். அத்தான் சொல்லி முடித்தார். அக்கா மாடிப்படியில் நின்று சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட நானும் வரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார் சம்பந்தியம்மா. வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் குரலில் கோபமா, பயமா, எதுவும் பிடிபடவில்லை.

மறுநாள் கிளினிக்கில் அத்தான் ஓரமாக நின்றார். சம்பந்தியம்மா நேராகப் போய் டாக்டர் எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“என் பேரப்பிள்ளைய இவிய தூக்கலாமா, கூடாதா?”

“தாராளமா தூக்கலாம்” என்றார் டாக்டர். “இவருக்குக் கிருமி இருக்குறது நுரையீரலைச் சுத்தியுள்ள சவ்வுல. சளியில இல்ல, ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிட்டோம். மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு, காய்ச்சலும் விட்டாச்சு. பிள்ளை பிறக்குறதுக்குள்ள இன்னும் நல்லாயிருவாரு. தட்டு, டம்ளர் மூலமா இது யாருக்கும் வராது. வீட்டுல எல்லாரும் ஒரு தடவை செக்கப் பண்ணிக்கோங்க. பிரசவம் பாக்குற டாக்டர்ட்ட விஷயத்தை மறைக்காமச் சொல்லிருங்க. பிள்ளைக்கு வழக்கமாப் போடுற ஊசியப் போடுங்க. ஒண்ணே ஒண்ணுதான்... நல்லாயிட்டேன்னு இவரு நடுவுல மாத்திரைய நிறுத்திறக் கூடாது.”

சம்பந்தியம்மா எழுந்தார். அத்தான் பக்கம் திரும்பினார்.

“சீக்குன்னு சொல்லியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போம்லா? வசதியில்லன்னு சொல்லிட்டியளே அண்ணாச்சி... அதத்தான் தாங்க முடியல. போங்க. வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. நீங்கதான் முன்னால வந்து நின்னு செல்வியக் கூட்டிட்டுப் போவணும்.”

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். பேசுவதற்கு மூச்சு இருந்தது. வார்த்தைதான் வரவில்லை.

போன வாரம் வளைகாப்பு, அம்பாசமுத்திரத்தில். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் என்று அக்கா விடிவதற்குள் எல்லாவற்றையும் கிண்டி முடித்திருந்தாள். செல்வி இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் அப்பாவைவிட்டு நகரவில்லை.

பந்தி போட்டார்கள். அத்தான் போய் நடுவில் ஓர் இலையில் உட்கார்ந்தார். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சம்பந்தியம்மா மறைக்கவில்லை, மறைக்கிற ஆளும் இல்லை. உறவுக்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். இங்கே ஒருவர், அங்கே இருவர் என்று உட்கார்ந்தார்கள். அத்தானின் இரண்டு பக்கமும் இலைகள் காலியாகவே கிடந்தன. யாரும் தப்பாக எதுவும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வருவதாகச் சிலர் போனார்கள், அவ்வளவுதான். அத்தான் இலையில் தெளித்த தண்ணீரைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

அவர் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று நான் நகர்வதற்குள், புளியோதரை வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவர் இலையில் இரண்டு கரண்டி வைத்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் முன்னால் கிடந்த இலையைத் தொடவே இல்லை. அவர் இலையிலிருந்து ஒரு கவளம் புளியோதரையை எடுத்து வாயில் போட்டாள்.

புருஷன் இலையில் சாப்பிடுகிற பெண்களை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவள் என் அக்கா. ‘எனக்குன்னு ஒரு எல இல்லையா’ என்று கேட்பவள். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் அவர் இலையில் கை வைத்ததில்லை. அன்றைக்கு அத்தனை பேர் பார்க்க மென்று, விழுங்கி, “உப்பு கொஞ்சம் கொறச்சல்தான், இல்லங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

அத்தான் இலையைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஆட்டினார்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சம்பந்தியம்மா விறுவிறுவென்று வந்தார். “நவுருங்க அண்ணாச்சி” என்று இன்னொரு பக்கத்து இலையில் உட்கார்ந்தார். “ஏட்டி, எனக்கும் போடு. பசிக்கி” என்று குரல் கொடுத்தார். வீட்டுக்கார அம்மாவே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் யார் நிற்பது? கை கழுவப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

தாய்மாமன் எனக்கு இரண்டாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது.